பெரிய ரோட்டு வழியாகப் போன மணப்பெண்

ஊஜ்தாவில் என் நாத்தனார் யம்னாவை "கேட் வாசல் கல்யாணப்பொண்ணு" என்று கேலி செய்யாதவர்கள் குறைவு. அல்ஜீரியாப் பக்கம் மக்னியாவில் இருக்கும் கத்தூருக்கு அவளை நிச்சயம் செய்து, மருதாணிக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான், எழுபத்தாறாம் வருஷம், எங்கள் மொரோக்கோவும் அல்ஜீரியாவும் உறவை முறித்துக்கொண்டன. தூதர்கள் பெட்டி கட்டினார்கள். எல்லையில் கேட் இறங்கியது. காரில் அரை மணி நேரத்தில் போகிற ஊர் அது.

வருஷங்கள் ஓடின. என் கணவர் லக்தர் தங்கைக்காக வழி தேடிக்கொண்டே இருந்தார்.

"நீ பிரான்ஸுக்குப் போயிடு. கத்தூரும் அங்க வரட்டும். மார்சேயில கல்யாணத்த முடிச்சிடலாம்."

"பக்கத்து ஊருக்கு வாக்கப்பட நான் கடல் தாண்டணுமாண்ணா?"

"அப்ப கடத்தல்காரன்கிட்ட சொல்றேன். கோவேறு கழுதையில ஏத்தி, குறுக்கு வழியில கொண்டு விட்டுடுவான்."

"நான் என்ன திருட்டுப் பெட்ரோலா? மேளம் கொட்டி, பெரிய ரோட்டு வழியாத்தான் போவேன்."

வேறு வரன் கொண்டுவந்தும் யம்னா மறுத்ததில் ஃபாத்னா அத்தைக்கு எரிச்சல். "இவங்க சமாதானமாகறதுக்குள்ள உனக்குப் பல்லு கொட்டிடும்டி!"

"கொட்டட்டும் அத்தை. ஹல்வா திங்கப் பல்லு எதுக்கு?"

அப்படிப் பேசுவாளே தவிர, வெங்காயம் உரிக்கும் சாக்கில் அழுவாள். எனக்குத் தெரியும். பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள் மூலம் கத்தூர் சொல்லியனுப்புவது மட்டும் நிற்கவில்லை: "நானும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எண்பத்தெட்டாம் வருஷம் மே மாதம், மதியச் சாப்பாட்டின் நடுவில் வானொலி சொன்னது: இரு நாடுகளுக்கும் மறுபடி உறவு, எல்லை திறக்கப்போகிறது. லக்தர் வாயில் வைத்த ரொட்டியை மெல்லவே மறந்துபோனார். யம்னா எழுந்து கைகழுவினாள்.

"அண்ணா, மேளக்காரங்களுக்குச் சொல்லிடு."

கேட் திறந்த ஜூன் மாதம் நாங்கள் மூன்று கார்களில் போனோம். கூட்டம் நெரிந்தது. எல்லை அதிகாரி வெள்ளைப் பட்டில் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போற காரணம்?"

"கல்யாணம்."

"எப்ப நிச்சயமாச்சு?"

"நீங்க இந்த கேட்டை மூடறதுக்கு முன்னால."

அவர் நிமிர்ந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார். "போம்மா, போ! டேய், பொண்ணுக்கு வழி விடுங்கடா!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. யம்னா காரில் ஏற மறுத்துவிட்டாள். மேளம் முன்னே போக, நடுரோட்டில் தலைநிமிர்ந்து நடந்தாள். அந்தப் பக்கம் பாலும் பேரீச்சம்பழமும் ஏந்தி கத்தூர் வீட்டார் நின்றார்கள். அவர்கள் நடுவில் கத்தூர், பாதி வழுக்கையோடு.

"முடியெல்லாம் எங்க போச்சு?" என்றாள்.

"உன்னையே நினைச்சு நினைச்சுக் கொட்டிடுச்சு."

"பரவால்ல, தலையாவது மிச்சம் இருக்கே."

யாரென்றே தெரியாத பெண்களெல்லாம் இரு பக்கமும் குலவையிட்டார்கள். கேலி பேசிய ஃபாத்னா அத்தைதான் முதலில் ஆட இறங்கினாள். நான் குலவையிட்டுத் தொண்டை கட்டி, வாரம் முழுக்கப் பேச முடியாமல் கிடந்தேன். லக்தருக்கு அதில் தனிச் சந்தோஷம்.