கதவில் அறிவிப்பு இல்லாத நேரம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் ஒட்டும் அறிவிப்பை இந்த மாதம் நான்காவது முறையாகத் தட்டச்சு செய்கிறேன். 'ஒன்லி ஃபேமிலி மெம்பர்ஸ் அலவ்டு' என்பதில் 'அலவ்டு'க்கு முன்னால் 'ஆர்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார் மேலாளர். பெரிய டாக்டர் எடுக்கச் சொன்னார். இருவருக்கும் ஆங்கிலம் என்றால் உயிர். எனக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம். அதுவரை அடித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தக் கதவுக்கு வெளியே மூன்று நாளாக ஓர் அம்மா நிற்கிறார். உள்ளே இருப்பவரும் அவரும் இருபத்தெட்டு வருடம் ஒரே கடையில் துணி தைத்தவர்கள். உள்ளே இருப்பவருக்கு வேறு நாதி இல்லை. இன்னும் இரண்டு நாள் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

முதல் நாளே காவலாளி கேட்டிருக்கிறார், "அக்காவா, தங்கச்சியா?"

"ரெண்டும் இல்லப்பா. கூடத் தைக்கிறவ."

அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

"தங்கச்சின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"அவளப் பாக்க நான் எதுக்குய்யா பொய் சொல்லணும்?"



இன்று மத்தியானம் மேலாளர் அறிவிப்பைக் கிழித்து என் மேசையில் போட்டார். "ஒழுங்கா அடிச்சுக் கொண்டாங்க. ஊரே சிரிக்குது."

நான் காவலாளியிடம் போனேன். "அறிவிப்பு எங்கிட்ட இருக்கு. திரும்ப ஒட்ட ஒரு மணி நேரம் ஆகும்."

எங்கள் காவலாளிக்குக் கதவில் இருப்பதுதான் சட்டம். வெறும் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எழுத்துல இல்லாதப்ப நான் யாரத் தடுக்கிறது? போங்கம்மா."

மேலாளர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். இன்னும் ஒரு பிழை இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். முதுகு விண்விண் என்று வலித்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்த அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கண்ணத் திறந்தாய்யா. அந்த நீலச் சட்டைக்குப் பட்டன் வச்சாச்சான்னு கேட்டா. இன்னும் இல்லடின்னேன். திட்டினா." சிரித்தார். பிறகு தயங்கினார். "நாளைக்கு வச்சுக் கொண்டாந்து காட்டுறேன்னு சொல்லிட்டேன். நாளைக்கும் விடுவாங்களா?"

நான் கணினிப் பக்கம் திரும்பினேன். 'அலவ்டு' என்பதில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு அச்சடித்தேன். காலையில் மேலாளர் வந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்துவிடுவார்.

"பத்து மணிக்கு வாங்கம்மா" என்றேன்.