உப்பில் பதிந்த குதிகால்

ஊரே மழை மழை என்று தவித்த அந்த வருடத்தில், மழை வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அடிக்க வந்திருப்பார்கள்.

என் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் உப்புக் களர், அதற்கப்பால் கடல். அதற்கு முந்தின வருடம் செப்டம்பரில் ஒருநாள், முந்தின இரவு லேசாகத் தூறித் தரை குழைந்திருந்தபோது, என் புருஷன் பத்தீஸ்த் அந்தக் களரில் இறங்கி நடந்தார். நாற்பத்தொரு அடி. அதோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். தூக்க வந்தவர்கள் மறுபக்கத்து வரப்பு வழியாக வந்து, அதே வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் வெயில் தரையை ஓடு மாதிரி இறுக்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு மழையில்லை. போன தடம் நாற்பத்தொன்றும் அப்படியே இருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

இடது கால் கொஞ்சம் குட்டை அவருக்கு. அந்தப் பக்கத்துத் தடம் எப்போதும் முன்னால் ஊன்றி, நெருக்கமாக விழும். குதிகால் மட்டும் இரண்டு பக்கமும் ஆழமாகப் பதிந்திருந்தது. தினமும் காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக நின்று பார்ப்பேன். பக்கத்தில் காலை வைக்க மாட்டேன். நாய் வந்தால் கல்லெறிவேன்.

இன்னொன்றும் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திப் படுத்தால், வெளியே உப்பு நொறுங்கும். நொறுக், நொறுக் என்று ஒரே சீராக, கதவடியிலிருந்து கடல் பக்கமாகப் போகும். வெயிலில் உப்பு வெடிக்கிறது என்று யாரும் சொல்லலாம். நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் நின்றுவிடும். திரும்பி வராது. எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, கேட்காமல் தூங்கவும் முடியவில்லை.

ஜூலையில் ஃபெரான் வந்தார். அரசாங்கத்துச் செடிக்காரர். பத்தீஸ்த் இருபது வருடம் இந்தக் களருக்குக் காவலாளியாக இருந்தபோது அவருக்கு மேலதிகாரி. களரின் அந்தக் கோடியில் வளரும் வாடாப்பூச் செடிகளை எண்ணிவிட்டு, முகம் செத்துப்போய் என் அடுக்களையில் உட்கார்ந்தார்.

"ஒம்பதுதாம்மா இருக்கு. எல்லாம் கிழடு."

"காஞ்சு கெடக்கிற மாதிரிதான் எப்பவும் இருக்கும். அது நடிப்புன்னு அவரு சொல்வாரு."

"ஆமா. இலையையெல்லாம் உதிர்த்துட்டு, நடுவுல ஒரு கொத்தை மட்டும் வச்சுக்கிட்டுப் பிடிவாதமா கெடக்கும். வேர்ல ஏறுற உப்பை இலை மேல துப்பிடும். காலையில பாருங்க, இலை மேல பொடிப்பொடியா உப்பு மின்னும். ஆனா கிழட்டுச் செடி எத்தனை நாளைக்குத் தாங்கும்? கன்னு வேணும்."

"விதை விழுமில்ல?"

"விழும். உப்புக்குள்ள வருஷக்கணக்காக் கெடந்தாலும் சாகாது. முளைக்கத்தான் நல்ல தண்ணி வேணும். ஒரு மழை வந்து உப்பைக் கழுவி விட்டாத்தான் கண்ணு முழிக்கும்."

நவம்பர் கடைசிக்குள் புதுக் கன்று எதுவும் இல்லாவிட்டால் இந்த இடத்தைக் கைவிட்டுவிடுவார்களாம். களரைச் சமப்படுத்தி, கோடையில் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்களாம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி என்று அந்த மனுஷன் சோறு தண்ணியை மறந்து காத்தது, கடைசியில் கார் நிறுத்தவா?

"கடைசி விதைப் பொட்டலம் அவர்கிட்டத்தான் இருந்துச்சு," என்றார் ஃபெரான். "எங்க வச்சார்னு தெரியுமாம்மா?"

"தெரியாது," என்றேன்.

பொய். ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டையின் பையில் அந்தக் காகிதப் பொட்டலம் இருந்தது, காலியாக. அவர் விழுந்தபோது கொட்டிப்போயிருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் நாலு பேரைக் கூட்டிவந்து தடத்தின் மேலேயே தவழ்ந்து தேடுவார்கள். விதையாவது மண்ணாவது. வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பரில் ஊர்ப் புனிதரின் சிலையைக் கடற்கரைக்குத் தூக்கிப் போக முடிவெடுத்தார்கள். கழுத்தில் உப்புக் கருவாடு கட்டித் தூக்குவது எங்கள் வழக்கம். அவருக்கும் தாகம் எடுத்தால்தான் மழையை அனுப்புவாராம். ஊர்வலத்துக்குக் கூப்பிட என் நாத்தனார் ரெமெய் வந்தாள். பத்தீஸ்துக்கு மூத்தவள், நாக்கில் என்னையே மிஞ்சியவள். அப்போது நான் இடிந்த உப்புக் கொட்டகையிலிருந்து பழைய கூரை ஓடுகளைப் பொறுக்கிவந்து, ஒவ்வொரு தடத்தின் மேலும் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். வளைந்த ஓடு, பாதத்துக்குச் சரியாக இருந்தது.

"அடிப்பாவி, ஊரே மழை கேக்குது. நீ மழைக்குக் குடை பிடிக்கிறியா?"

"உங்க வேலையைப் பாருங்கக்கா."

"அவன் என் தம்பிடி. கல்லறையில கெடக்கான். இங்க இல்ல."

"கல்லறையில ஒரு பெட்டிதான் இருக்கு. நடந்தது இங்கதான்."

ரெமெய் தலையிலடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஓடுகளின் மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தேன்.

அக்டோபர் முதல் வாரம் வானம் கறுத்தது. புனிதருக்கு நிஜமாகவே தாகம் எடுத்துவிட்டது போலிருக்கிறது. மத்தியானத்தில் கொட்டத் தொடங்கியது, அப்படி ஒரு மழை. காற்று தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தது. நான் ஓடிப்போய் ஓடுகளைச் சுற்றிச் சேற்றால் அணை கட்டினேன். கடல் பக்கம் பதினோரு ஓடுகள் உருண்டுவிட்டன. ஒரு தடத்தின் மேல் குப்புறப் படுத்துக்கூடப் பார்த்தேன். வயிற்றுக்கு அடியில் அது கரைவது தெரிந்தது. "போகாதீங்க, போகாதீங்க" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும் அந்த இரைச்சலில்?

முப்பது மிஞ்சியது. பதினொன்று போயிற்று. அன்றைக்கு ஊரே தெருவில் ஆடியது. நான் புனிதரை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன்.

பிறகு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. வெயில் திரும்பவும் வந்து தரை வெளுத்தது. மதியத்தில் சத்தம் கேட்டது, ஆனால் முப்பதில் நின்றது. அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

கல்லறைத் திருநாளன்று காலையில்தான் கதவைத் திறந்து இறங்கினேன். ஓடுகளைத் தாண்டி, அழிந்துபோன இடத்துக்குப் போனேன். தரை மட்டமாக இருந்தது. அதில் பச்சையாக ஏதோ. உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு வட்டத்தில், ஊசிமுனை மாதிரி இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஓரடி தள்ளி இன்னொரு வட்டம். அதற்கப்பால் கொஞ்சம் நீண்ட இடைவெளி, பிறகு மறுபடி நெருக்கம். எண்ணினேன். பதினொன்று.

கொல்லையில் மொச்சை போட்டாலும் அவருக்கு அதே பழக்கம்தான். ஒரு விதையைப் போட்டுக் குதிகாலால் ஒரு மிதி. "வெதைக்கிறீங்களா, பூச்சி கொல்றீங்களா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். பொட்டலம் கொட்டிப்போகவில்லை. அந்த மனுஷன் அன்றைக்குச் சும்மா நடக்கவில்லை, விதைத்துக்கொண்டே போயிருக்கிறார். கடைசி விதை தீர்ந்த பிறகுதான் விழுந்திருக்கிறார்.

ஒரு ஓட்டைத் தூக்கினேன். அடியில் தடம் அச்சு அசலாக இருந்தது. ஐந்து விரல், குதிகால், எல்லாம் வெள்ளை வெளேரென்று. ஒரு துளிர் இல்லை. பதினாலு மாதமாக நான் காத்தது இதைத்தான்.

கொல்லையில் பீப்பாய் நிறைய மழைத் தண்ணீர் இருந்தது. குடத்தில் மொண்டு வந்தேன். முதல் தடத்தில் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதில் மூடவில்லை. விரல்கள் முதலில் போயின, ஆழமாக இருந்த குதிகால் கடைசியில்தான் போனது.

பன்னிரண்டாவது குடத்துக்குத் திரும்பியபோது வேலியருகே ரெமெய் நின்றிருந்தாள், கை நிறையப் பூவோடு.

"கல்லறைக்கு வராம இங்க என்னடி..." என்று ஆரம்பித்தவள், பச்சை வட்டங்களைப் பார்த்தாள். பிறகு ஓடுகளை. பிறகு என் முகத்தை. பூவை வேலியில் செருகிவிட்டு, புதுச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பீப்பாயிலிருந்து வாளியை மொண்டாள். நாற்பது வருடத்தில் அவள் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியாக ஒரே ஒரு தடம் இருந்தது, கதவடியில். வீட்டிலிருந்து அவர் எடுத்து வைத்த முதல் அடி. என்னால் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஊத்தட்டுமாடி?"

"வேண்டாங்க்கா. நானே ஊத்துறேன்."

ஊற்றினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று மதியம் ஜன்னலைச் சாத்திப் படுத்தேன். சத்தம் வரவில்லை. மறுநாளும் இல்லை. செத்தவரை இரண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி அழுதேன். பிறகு தினமும் காலையில் குடத்தோடு போனேன்.

நவம்பர் கடைசியில் ஃபெரான் கையில் நோட்டோடு வந்தார். கதவடியில் குனிந்தவர் கடல் பக்கம் போய்த்தான் நிமிர்ந்தார். முப்பத்தெட்டு இடத்தில் கன்று. மூன்றில் மட்டும் இல்லை. திரும்பிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"யாரும்மா நட்டது? வரிசை நேராத்தான் போகுது, ஆனா ஒண்ணு விட்டு ஒண்ணு இடைவெளி குறையுதே. அளவு தப்பிடுச்சா?"

"தப்பெல்லாம் இல்ல," என்றேன். "இடது கால் அவருக்குக் கொஞ்சம் குட்டை."