பின்வரிசைப் படுக்கை பதினான்கு

பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்து டிக்கெட் கவுன்ட்டரில் பெர்லிட்டா இடுப்பில் கை வைத்து நின்றாள். இன்றைய மாலைக் கப்பலை விட்டால் நாளை அக்கரையில் நடக்கும் மகள் மைலீனின் கல்யாணத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. குடும்பம் மொத்தமும் ஒரே இடத்தில் படுக்கவேண்டும் என்று, திறந்த தளத்தின் பின்வரிசைக் கட்டில்கள் பதினான்கையும் நேற்றே போனில் சொல்லி நிறுத்தி வைத்திருந்தாள். மத்தியானம் வரைதான் கெடு.

"பேரெல்லாம் சொல்லுங்க மேடம்" என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.

"போங்போங், டிங்டிங், டிவினா, தோரோ..."

"அடையாள அட்டையில இருக்கிற பேரு வேணும் மேடம். செல்லப் பேருக்கெல்லாம் கட்டில் கிடையாது."

பெர்லிட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷம் சோறு போட்டிருக்கிறாள், போங்போங்கின் நிஜப் பேர் அவளுக்குத் தெரியாது. போங்போங்குக்கே யோசித்தால்தான் வரும். உடனே போன் போட்டாள். அரை மணியில் ஒரு குட்டி வேன் நிறையக் குடும்பம் வந்து இறங்கியது. தலையணை, பிள்ளைகள், கூடையில் ஒரு சண்டைச் சேவல்.

"உன்னை நம்பினா இப்படித்தான்னு அப்பவே சொன்னேன்" என்றாள் நாத்தனார் டிவினா.

"வாயை மூடிட்டு அட்டையை எடு."

பதின்மூன்று பெயர்கள் பட்டியலில் ஏறின. மிச்சம் தோரோ. காளை என்று அர்த்தம். அறுபது வயதிலும் இரண்டு அரிசி மூட்டையை ஒரே தோளில் போடும் ஆள், துறைமுகக் கூலிகளுக்கெல்லாம் தலைவன், பெர்லிட்டா புருஷனின் அண்ணன். சரக்கு சரிந்து புருஷன் செத்தபிறகு மைலீனைக் கோயிலில் கைபிடித்து நடத்திப்போக இருந்தது அவர்தான்.

"நான் வரல" என்றார்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"அட்டை தொலஞ்சுபோச்சு."

சட்டைப் பையில் அட்டையின் முனை துருத்திக்கொண்டிருந்தது. வரிசையில் பின்னால் அவருடைய கூலியாட்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் கழுத்து சிவந்தது.

"மேடம், சீக்கிரம். ஒரு பேரு குறைஞ்சா அந்தக் கட்டிலை அடுத்தவங்களுக்குக் குடுத்திடுவேன்."

அட்டையிலுள்ள பேரைத்தான் மறைக்கிறார் என்று புரிந்ததும் பெர்லிட்டாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பொண்ணு தனியா நடக்கணுமா? அப்பனும் இல்லாம, நீங்களும் இல்லாம? மூட்டை தூக்குற தோளுக்கு ஒரு பேரைத் தூக்கத் தெம்பில்லையா?"

தோரோ பல்லைக் கடித்தார். குனிந்து கண்ணாடி ஓட்டையில் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார். சத்தமா."

"பேபி பாய்!" கூடமே அதிர்ந்தது. "பேபி பாய் அபரீசியோ! போதுமா? நான் பொறந்தப்போ நர்ஸ் அப்படித்தான் எழுதினா, ஆண் குழந்தைன்னு. எங்காத்தா மாத்தப் போகவேயில்ல!"

கூலியாட்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். கவுன்ட்டர் பெண் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு நீங்க மூணாவது பேபி பாய் சார். வயசு?"

முதலில் சிரித்தது அவர்தான். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணி வர. பிறகு கூடம் மொத்தமும். "தலைவரே, பால் குடிச்சாச்சா?" என்றான் ஒருவன். "குடிச்சிட்டுத்தான்டா உன்னையே தூக்கிப் போடுறேன்!" என்று அவனைக் கோழியைத் தூக்குகிற மாதிரித் தூக்கி இறக்கினார்.

பதினான்கு டிக்கெட்டும் கையில் விழுந்தன. ஒரே வரிசை, மேலும் கீழுமாக, இடையில் அந்நியர் ஒருத்தர்கூட இல்லை. பெர்லிட்டா அவற்றை விசிறி மாதிரி விரித்து டிவினாவின் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"எனக்குக் கீழ்க்கட்டில்தான் வேணும்" என்றாள் டிவினா, குரல் இறங்கி.

"கீழ்க்கட்டில் பேபி பாய்க்கு. நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு நடக்கிற கால், ஏணி ஏறக்கூடாது. நீ மேல ஏறு."

தோரோ சேவல் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு, அட்டையைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் கப்பலைப் பார்த்து நடந்தார்.