ரேடியோ பாடாத பள்ளிக்கூடம்

இந்தக் காலத்தில் யாருக்கும் யாரைக் கண்டும் பயம் கிடையாது. பிள்ளைகள் வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு 'என்ன?' என்கிறார். வாத்தியார் அரைக்கால் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் நாற்காலியில். பரீட்சை இல்லை, ரேங்க் இல்லை, முட்டி போட வைப்பதும் இல்லை. இதற்குப் பெயர் பள்ளிக்கூடமாம். பிள்ளைகளை அடைத்து வைக்கிற பட்டி என்று சொன்னாலாவது நம்பலாம்.

வயசெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்த கிழவர் இதைத்தான் பல் தேய்க்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். மகள், மாப்பிள்ளை, பேத்தியோடு கடல் தாண்டிக் குடிவந்ததில் குழாய்த் தண்ணீரின் ருசி முதற்கொண்டு எல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. இந்தப் பள்ளிக்கூடம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

பேத்திக்கு வீட்டில் பெயர் ரேடியோ. காலையில் கண் திறக்கும்போதே வாயும் திறந்துவிடும். பக்கத்து வீட்டுப் பூனைக்கு என்ன மனவருத்தம் என்பது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் குளிக்கப் போவாள்.

அந்த ரேடியோதான் பள்ளிக்கூடத்தில் பாடுவதே இல்லை என்று வாத்தியார் போன் பண்ணியிருந்தார். கைகட்டி உட்கார்ந்திருக்கிறாளாம். எதையாவது கேட்டால் எழுந்து நின்று, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாளாம். தானாக ஒரு கேள்வியோ, மற்ற பிள்ளைகளோடு ஒரு வாக்குவாதமோ கிடையவே கிடையாதாம். பாஷை புரியவில்லை போலிருக்கிறது, இப்படியே போனால் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்றத்தான் வேண்டும், நேரில் வாருங்கள் என்றாராம்.

"குட்டிப் பசங்களோட நான் போய் உக்காரணுமா?" என்று ரேடியோ கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அழுதாள். "என் ஃபிரெண்டு என்ன பண்ணுவா?"

"ஏண்டி வாயே திறக்கல?" என்று மகள் குனிந்து கேட்டாள்.

"தாத்தாதான் சொன்னாரு. வாத்தியார் முன்னாடி வாயை மூடு, கேட்டா மட்டும் எந்திரிச்சு சொல்லு, யாரையும் எதிர்த்துப் பேசாதன்னு."

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"சரியாத்தானே சொல்லியிருக்கேன்?" என்றார் கிழவர். "இதுல என்ன குத்தம்?"

"இங்க அதுதான்பா குத்தம். பேசாம இருந்தா மரியாதைன்னு இங்க நினைக்க மாட்டாங்க. மண்டையில ஏறலைன்னு நினைப்பாங்க."

"நீ எப்படிப் படிச்ச? வாயை மூடிக்கிட்டுத்தானே?"

"படிச்சேன். இன்னைக்கும் ஆபீஸ் மீட்டிங்குல வாய் திறக்கணும்னா வேர்க்குது."

மாப்பிள்ளைக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. மகளோடு கிழவரே கிளம்பினார். உள்ளே என்ன ஏமாற்று வேலை நடக்கிறது என்று ஒரு பெரிய மனுஷன் பார்க்க வேண்டாமா?

போய்ப் பார்த்தால் அங்கே இன்னொரு கூத்து. பெற்றோரைக் கூப்பிட்டு வாத்தியார் நடத்தும் கூட்டத்தை இங்கே நடத்துவது பிள்ளையாம். தான் செய்ததை அதுவே எடுத்துக் காட்டிப் பேச வேண்டுமாம். வாத்தியார் ஓரமாக இருந்து கேட்டுக்கொள்வாராம். கிழவருக்குப் போட்ட நாற்காலி சின்னப் பிள்ளை உட்காருவது. உட்கார்ந்ததும் அவருடைய முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"இதுக்குக் குற்றவாளிக் கூண்டே தேவலை," என்றார்.

ரேடியோ கைகட்டி நின்றாள். வாத்தியார் சிரித்த முகத்தோடு ஏதோ கேட்டார். அவள் தாத்தாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். இன்னொன்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினாள். வாத்தியார் மெதுவாக மூச்சு விட்டார். மகள் கைப்பையின் வாரை முறுக்கத் தொடங்கினாள். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேசைமேல் ரேடியோ செய்த பாலம் இருந்தது. காகிதத்தைக் குழாய் குழாயாகச் சுருட்டி ஒட்டி, இரண்டு மரக்கட்டைகளின்மேல் நிறுத்தியிருந்தாள். பாலத்தைக் கண்டால் லாரிக்காரருக்குச் சும்மா இருக்க வருமா?

"இது பாலமா? நடுவுல தூணே காணோம். ஒரு சைக்கிள் போனாலே ஆத்துல விழும்."

ரேடியோவின் கைக்கட்டு அவிழ்ந்தது.

"விழாது தாத்தா."

"விழும். நான் பாக்காத பாலமா?"

"நீங்க மேலதான் ஓட்டிட்டுப் போனீங்க. இறங்கி அடியில பாத்தீங்களா?"

"ஏய்," என்றாள் மகள்.

ரேடியோவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "இங்க பாருங்க, இது முக்கோணம். எந்தப் பக்கம் அமுக்கினாலும் நெளியாது. முதல்ல நாங்க சதுரமாத்தான் வெச்சோம், படுத்துடுச்சு. என் ஃபிரெண்டு பசையை இன்னும் ஊத்தலாம்னா. நான் வேண்டாம்னேன், மனசுக்குள்ள. அப்புறம் அவ தண்ணி குடிக்கப் போனப்ப நானே பிரிச்சு மாத்திட்டேன்."

வாத்தியார் மகளிடம் என்னவென்று கேட்பதற்குள் ரேடியோவே அவர் பக்கம் திரும்பி, அத்தனையையும் அவருடைய பாஷையில் மூச்சுவிடாமல் கொட்டினாள். 'எங்க தாத்தா எதையும் நம்ப மாட்டார்' என்பதும் அதில் இருந்ததாக மகள் பிற்பாடு சொன்னாள்.

கிழவர் சாவிக்கொத்தை எடுத்துப் பாலத்தின்மேல் வைத்தார். நின்றது. கண்ணாடிக் கூட்டை வைத்தார். நின்றது. மகளின் கைப்பையைப் பிடுங்கி வைத்தார். அதற்குள் பாதி வீடு இருக்கும். பாலம் லேசாக முனகியது, ஆனால் நின்றது. வாத்தியார் படுக்காத குறையாகக் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"பசை நல்ல பசை," என்றார் கிழவர்.

"பசை இல்ல தாத்தா, முக்கோணம்."

"பெரியவங்களை எதிர்த்துப் பேசாதன்னு சொன்னேனா இல்லையா?"

"பெரியவங்க தப்பா சொன்னா?"

மகள் தயங்கித் தயங்கி இதை மொழிபெயர்த்தாள். வாத்தியார் கை தட்டினார். சின்னப் பிள்ளைகளின் வகுப்பெல்லாம் வேண்டாம், இவள் இங்கேயே இருக்கட்டும் என்றார். இவளுக்குப் பாஷை நன்றாகவே வருகிறது, எதிரில் சரியான ஆள்தான் இல்லாமல் போயிருக்கிறது, தாத்தாவை அடிக்கடி அழைத்து வாருங்கள் என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ரேடியோ அதற்குள் அடுத்த மேசைக்குப் போய், யாரோ ஒரு பையனின் பாலம் ஏன் விழும் என்று விளக்க ஆரம்பித்திருந்தாள்.

நாற்காலியிலிருந்து கிழவரைக் கிளப்ப வாத்தியார் ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்ததும் சாவிக்கொத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பெரியவனை எதிர்த்துப் பேசுது, அதுக்குக் கைதட்டு வேற. விளங்கினாப்பலதான்."

"அப்பா, இருங்க. அவ இன்னும் காட்டி முடிக்கல."

"அவ எப்ப முடிச்சிருக்கா?"

அவர் வராந்தாவில் இறங்கி நடந்தார். பின்னாலிருந்து ரேடியோவின் குரல் மைதானம் வரைக்கும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"கைப்பை ஏறினா ஆச்சா? லோடு ஏத்தின லாரி ஏறட்டும், அப்புறம் பேசலாம்," என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.