பக்கத்துக்கு ஒரு பல்

1

இந்தக் கதை என் காது செய்த பிழையில் தொடங்கியது. போன மாதம் விக்டர் போன் செய்து, "அண்ணே, பிரிட்ஜு ஆடுதுண்ணே" என்றான். நான் வீட்டுச் சாமான் கடைக்காரன். "காலுக்கு அடியில அட்டைய மடிச்சு வையி" என்றேன்.

"வாயில ஆடுதுண்ணே."

காய்கறி வைக்கும் பெட்டியையும், பல் போன இடத்தில் கட்டும் பாலத்தையும் தமிழில் ஒரே எழுத்துகளில்தான் எழுத வேண்டியிருக்கிறது. சிரித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். சிரிப்பு இரண்டாம் பக்கத்திலேயே தீர்ந்துபோனது.

2

தொடக்கங்கள்:

புதுச்சேரியின் நீலக் கடலோரத்தில் ஒரு மாலை— (அடித்துவிட்டேன். கடலுக்கு இதில் வேலையில்லை. அது வெளியூர்க்காரர்களுக்கு.)

விக்டரின் வாய்க்குள் ஒரு பாலம் இடிந்து— (பேப்பர் செய்தி மாதிரி இருக்கிறது.)

விக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். (இது இருக்கட்டும். சுவாரசியமாக ஆரம்பிக்கத் தெம்பில்லை.)

கிளாரினெட்டின் வாய்ப்பகுதி மேல்வரிசை முன்பற்களில்தான் உட்காரும். மூன்று வருடம் முன்பு மூலக்குளத்தில் ஒரு வேகத்தடை, விக்டரின் நடுப்பற்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டது. பேண்டு மாஸ்டர் யூஜின் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பல்லக் கட்டிக்கினு வா, இல்லன்னா சிம்பல் புடி."

இருபத்தாறு வருடம் முன்னால் நின்று வாசித்தவன், பின்வரிசையில் தட்டைத் தட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கதையில் பணயம் அவ்வளவுதான். விக்டருக்கு அது கொஞ்சமில்லை.

3

பல் டாக்டர் சிவசங்கரி அன்று சொன்னது: நடுவில் இரண்டு பொய்ப்பல் தொங்க, பக்கத்துக்கு இரண்டு நல்ல பல்லை ராவி, கேப் போட்டுத் தாங்க வைக்க வேண்டும்.

"நல்ல பல்லு நாலையும் ராவுறதா? பக்கத்துக்கு ஒண்ணு போதும்மா" என்றான் விக்டர்.

(இங்கேதான் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. விக்டர் பேரம் பேசுகிற ஆளே இல்லை. மீன்காரி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு அவளுக்கே நன்றி சொல்லுகிறவன். திரும்ப எழுதுகிறேன்.)

"பக்கத்துக்கு ஒண்ணு போதும்மா" என்றேன் நான். துணைக்குப் போயிருந்தேன்.

"சார், இது புடவையா? பக்கத்துப் பல்லுக்கு வேர் சின்னது. கோரைப்பல்லுக்குத்தான் நீளம். தினம் நாலு மணி நேரம் கிளாரினெட்ட வச்சு அழுத்துற வாய் இது."

"இன்னிக்கு ஒண்ணு போடுங்க. ஆடுச்சுன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

சொன்னதைக் குறைக்காமல் ஒரு கடையை விட்டு இறங்குவது எங்கள் குடும்பத்தில் அவமானம். பல்லாக இருந்தாலும். விக்டர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான். டாக்டர் அலுத்துப்போய்ச் சரி என்றார்.

4

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, கீழே இடமில்லை. பாலம் ஒரே நாளில் விழுவதில்லை. ஒரு பக்கத்துப் பசை முதலில் விட்டுப்போகும், இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் தெரியாது. இடுக்கில் எச்சிலும் சோறும் இறங்கி, கேப்புக்குள்ளேயே பல் சொத்தையாகும். வாய் நாறினாலோ லேசாக அசைந்தாலோ உடனே போக வேண்டும். பாலத்துக்கு அடியில் தினம் நூல் விட்டுத் துடைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். நூலை டாக்டர் கொடுத்தார். விக்டரின் மனைவி அந்தோணிமேரி அதில் சாமந்தி கட்டினாள். ஆறு மாதங்கள் ஆறு போயின.)

5

போன வாரம் ஒரு சாயங்காலம், அதே நாற்காலி. டாக்டர் பாலத்தை இழுத்ததும் இடது பக்கம் சத்தமில்லாமல் வந்தது. உள்ளே பல் கறுத்து, ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது.

"வாசிக்க முடியுமாம்மா?" என்றான் விக்டர். 'சி' காற்றாகப் போனது.

"சொத்தையச் சுரண்டிப் பாத்தாதான் தெரியும். வேர் நின்னா, கோரைப்பல் ரெண்டையும் சேத்து ராவி புதுசாக் கட்டலாம். நிக்கலன்னா புடுங்கணும். அப்புறம் கிளாரினெட் பத்தி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். இன்றுவரை என்ன சொல்ல வந்தேன் என்று தெரியவில்லை. "அந்தக் கோரைப்பல்லுல ஒண்ண மட்டும்—" என்றுகூட இருக்கலாம்.

விக்டர் என் பக்கம் திரும்பவில்லை. மேலே விளக்கைப் பார்த்தபடியே சொன்னான்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

6

முடிவு ஒன்று: வேர் நின்றது, அடுத்த முகூர்த்தத்தில் அவன் முன்வரிசையில்—

முடிவு இரண்டு: யூஜின் தட்டுகளை நீட்ட—

இரண்டையும் முடிக்க முடியவில்லை. நான் பார்க்கவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தேன். சுரண்டும் இயந்திரம் ஓடுவதும் நிற்பதும் கேட்டது. கடைசியில் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு விக்டர் வந்தான், எனக்குத் தலையசைத்தான், வண்டியை எடுத்தான், போனான். நான் கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள். குருசுக்குப்பத்தில் கிளாரினெட் விக்டர் என்றால் வீட்டைக் காட்டுவார்கள். என்ன பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.