கடைசி அரைமணிக்கு எலுமிச்சை

கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பாத்திரம் தேய்க்கிறவர் அவளைவிடப் பத்து வயது பெரியவர், அவருக்கும் அக்கா. கோழியை ஊறவைத்து வாட்டிக் கொடுக்கிற அந்தச் சின்னக் கடையைப் பதினோரு வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறாள். இதுவரை யாரிடமும் ஏமாந்தவள் இல்லை. கோழி கொண்டுவருகிறவன் ஐம்பது கிராம் குறைத்தால் தராசே வேண்டாம், பையைக் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் மூன்று வாரமாக மதியம் மூன்று மணியானால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். யாராவது எட்டிப் பார்த்தால் பட்டென்று மூடிவிடுவாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் 'கரன்சி வியாபாரம் - ஆரம்பப் பாடம்' என்று எழுதி இரண்டு அடிக்கோடு போட்டிருந்தது.

எல்லாம் கட்டடக்காரரால் வந்த வினை. பழைய ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதிதாகப் போட வேண்டுமானால் முன்பணம் இரண்டு மடங்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார். "கட்டுப்படியாகலேன்னா சொல்லிடும்மா. செல்போன் கடைக்காரர் தெனம் வந்து நிக்கறாரு." அவளிடம் இருந்தது சரியாகப் பாதி. மீதிப் பாதிக்கு யார் காலில் விழுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயத்தில் போனில் விளம்பரம் வந்தது. வெளிநாட்டுக் கரன்சி வாங்கி விற்கக் கற்றுத் தருகிறோம், வகுப்பு இலவசம். இலவசம் என்றால் அக்காவுக்கே கால் கொஞ்சம் சறுக்கும் போலிருக்கிறது.

அந்த வகுப்பில் யாருக்கும் முகம் கிடையாது, பெயரும் கிடையாது. பட்டப்பெயர்தான். பெயர் கேட்டபோது அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்ததால் 'பூண்டு' என்றே கொடுத்துவிட்டாள். 'தையல்' என்று ஒரு அம்மா உண்டு. அவர் பேச வரும்போதெல்லாம் பின்னால் தையல் மிஷின் கடகடவென்று ஓடும். பாடம் எடுப்பவர் 'வாத்தியார்'. ஆப்பில் அவர் குரல் மட்டும் வேண்டுமென்றே கட்டையாக்கப்பட்டு வரும்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் நடத்தினார். "ஒரு பணத்த வாங்கறீங்கன்னா இன்னொரு பணத்த விக்கறீங்கன்னு அர்த்தம். இதுல எல்லாமே ஜோடிதான். எவ்வளவு போனா வெளிய வந்துடணும்னு வாங்கறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க. அப்புறம் அழக்கூடாது." அவளுக்குப் புரிந்தது. பயிற்சிக் கணக்கில் பொய்ப் பணத்தைப் போட்டுப் பழகினாள். மூன்று வாரத்தில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பானது. ஒரு நாள்கூட நஷ்டம் வரவில்லையே, அது எப்படி என்று அவள் கேட்டிருக்க வேண்டும். ஐம்பது கிராம் கோழிக்குக் கண்கொத்திப் பாம்பாக நிற்கிறவள், இதைக் கேட்கவில்லை.

புதன்கிழமை வாத்தியார் குரலில் ஒரு அவசரம் இருந்தது. சிறப்புக் கணக்கு ஒன்று திறந்து இரண்டு நாளாகிறதாம், இன்றைக்கே கடைசி. நிஜப் பணம். நான்கு மணிக்கு மூடிவிடுவார்களாம். போட்டால் கம்பெனியே வியாபாரம் செய்து வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு மடங்காகத் திருப்பும். வெள்ளிக்கிழமை, இரண்டு மடங்கு. கட்டடக்காரரும் அதையேதான் கேட்டிருந்தார். 'நான் போடறேன்' என்று வகுப்பில் தட்டிவிட்டு அக்கா பேங்க் ஆப்பைத் திறந்தாள். கணக்கு எண்ணைப் போட்டாள், தொகையைப் போட்டாள். கட்டைவிரலை ஒரு முறை வைத்தால் முடிந்தது.

அப்போது யாரோ கேட்டார்கள். "சார், ஒரு ரெண்டு நாள் பொறுத்துப் போட்டா என்ன சார்?"

"நல்ல கேள்வி," என்றார் வாத்தியார். "இப்ப கோழி ஊறவைக்கறீங்கன்னு வைங்க. தயிர், ஆலிவ் எண்ணெய், பூண்டு, ஆரிகானோ இலை, உப்பு எல்லாம் மொதல்லயே போட்டுடலாம். எலுமிச்சைய மட்டும் கடைசி அரைமணிக்குத்தான் பிழியணும். முன்னாடியே பிழிஞ்சா கறி மாவா போயிடும். பிழியாமலே விட்டாலும் ருசி வராது. இந்த மூணு வாரமும் ஊறல். இப்பதான் எலுமிச்சை."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடை ஓடுவதே அந்த எலுமிச்சையால்தான். கடை வைப்பதற்கு முன்னால் ஒரு பெரிய ஓட்டலில் அவளோடு வேலை பார்த்த கிரேக்கக்காரி ஒருத்தி, ஆறு வருஷம் கூடவே நின்ற பிறகுதான் அதைச் சொல்லிக் கொடுத்தாள். அக்கா தன் கூடப்பிறந்த தங்கைக்கே சொன்னதில்லை. சொன்னது ஒரே ஒரு ஆளுக்கு. கறி மாவா போயிடும் என்று இதே வார்த்தையில்.

அந்த ஆள் மேல்மாடியில்தான் இருந்தான். ஊறல் மாஸ்டர். நான்கு வருஷமாக வேலை பார்க்கிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கடையில் அவன் வாயிலிருந்து வருவது மூன்றே வார்த்தை: சரிக்கா, ஆச்சுக்கா, இல்லக்கா. பன்னிரண்டு மணிக்குக் கோழியில் மசாலா தடவி வைப்பான், மூன்றரைக்கு எலுமிச்சை பிழிய இறங்கி வருவான். நடுவில் சரக்கு அறையில் தூங்குவதாகப் பேச்சு. வகுப்பும் தினம் மூன்றரைக்கு டாண் என்று முடிந்துவிடும். இன்றைக்கு மணி மூன்று நாற்பது. அவன் இறங்கவில்லை, வகுப்பும் முடியவில்லை.

அக்கா படியேறினாள். வேறு யாராவதாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு படிக்கும் வேண்டிக்கொண்டாள். சரக்கு அறை வாசலில் நின்று இயர்போனைப் பிடுங்கி, போன் சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இருவது நிமிஷம்தான் இருக்கு," என்றது கதவுக்கு உள்ளே இருந்து அவனுடைய மெல்லிய குரல்.

இரண்டு நொடி கழித்துப் போன் கட்டைக் குரலில் சொன்னது: "இன்னும் இருவது நிமிஷம்தான் இருக்கு."

கதவைத் தள்ளினாள். தயிர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டான். அவசரமாக எதையோ அமுக்கிப் போனை மடியில் குப்புறக் கவிழ்த்தான்.

"சும்மாக்கா... வீட்டுக்குப் பேசிக்கிட்டு..."

அவள் தன் போனைக் காட்டினாள். திரையில் மேலே பூண்டு என்று இருந்தது.

"அக்கா... நீங்களா பூண்டு?"

'அக்கா, நீங்களா பூண்டு' என்று அவள் கையில் போன் முணுமுணுத்தது. அவன் காதில் அது விழவில்லை. அவளுக்கு விழுந்தது. மைக் அணையவில்லை. நாற்பத்து மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்கா போனை ஏப்ரனோடு சேர்த்து வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, நான்தான். போடட்டுமா? சொல்லு."

"ஐயோ, போட்டுடாதீங்கக்கா!" அவன் எழுந்தே விட்டான். "ஒரு பைசா திரும்ப வராது. சந்தையும் இல்ல, வியாபாரமும் இல்ல. பயிற்சிக் கணக்குல ஏறுச்சே, அதெல்லாம் கம்பெனிக்காரனே உக்காந்து ஏத்தறது. நானும் போட்டேன்கா. ரெண்டு வருஷமா சேத்தது அத்தனையும். திருப்பிக் கேட்டா, பாடம் எடு, பத்துப் பேரப் போடவை, உன் பணத்த விடறோம்னாங்க. ஒம்பது பேரு ஆச்சு. பூண்டுதான் பத்தாவது."

நான்கு வருஷத்தில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. ஒரு கட்டைவிரல் தூரத்தில் கடை போயிருக்கும். அதைவிட இன்னொன்று அவளை அரித்தது.

"பூண்டு நானா இல்லாம வேற யாராவதா இருந்திருந்தா?"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"வாயத் தொறந்து சொல்லு."

"போடவச்சிருப்பேன்கா."

அக்கா போனை வயிற்றிலிருந்து எடுத்து இருவருக்கும் நடுவில் நீட்டினாள். "போடவச்சிருப்பேன்கா," என்றது வாத்தியாரின் கட்டைக் குரல்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. மடியிலிருந்து விழுந்து கிடந்த தன் போனைப் புரட்டினான். மைக்கின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கை இறங்கியது: நாற்பத்து மூன்று, இருபத்தாறு, பதினொன்று, நான்கு. அவன் பணம் அத்தோடு போயிற்று. அது அவனுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. பாவமாக இருக்க வேண்டிய இடம்தான். அவளுக்கு இரக்கமே வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

எண்ணிக்கை இரண்டில் நின்றது. ஒன்று பூண்டு. இன்னொருவர் போகவில்லை.

"சார்," என்றது அவன் போன். தையல் அம்மாவின் குரல். பின்னால் மிஷின் ஓடவில்லை. "நான் நேத்தே போட்டுட்டேனே சார்."

அவன் அக்காவைப் பார்த்தான். அடுப்படியில் ஏதாவது தவறிப்போனால் பார்ப்பானே, அதே பார்வை. அக்கா அசையவில்லை.

"என்ன ஏன்டா பாக்கற? அவங்களுக்குப் பதில் சொல்லு, வாத்தியாரே."

அவன் போனை வாயருகே கொண்டுபோனான்.

"சார்?" என்றது அவன் போன்.

இரண்டு நொடி கழித்து அக்காவின் கையிலிருந்தும் அதே குரல் கேட்டது. "சார்?"