சோப்புப் பெட்டிக்குக் காவல்

என் தம்பி மார்க்கின் மனைவி சோஃபியாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்றுதான் அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அக்காக்காரி நான் இருபத்தைந்து வருடமாக நினைத்திருந்தேன். இல்லாவிட்டால், மகள் கரேனின் கல்யாணத்துக்கு வரும் நூற்றைம்பது பேருக்கும் தன் கையால் செய்த சோப்பைத்தான் கொடுப்பேன் என்று எங்கள் மலையூர் ரிங்லெட் சர்ச் வாசலில் எல்லார் காதிலும் விழச் சொல்வாளா? மாப்பிள்ளை வீட்டார் கடையில் வாங்கித் தருகிறோம் என்றார்கள். அதையும் வேண்டாம் என்றுவிட்டாள். அதுவரை அவள் ஒரு சோப்புகூடச் செய்ததில்லை.

முதல் தடவை மார்க்கின் மோட்டார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கையுறை போட்டு, தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தாள். மலைக்குக் கீழே கிள்ளானில் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துச் செம்பனை எண்ணெயில் கலந்து கடைந்தாள். சீக்கிரமே கெட்டியாகிவிட்டது என்று அச்சில் ஊற்றினாள். மறுநாள் அறுத்தால் நடுவில் கொழகொழ, மேலே சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை.

"கடை சோப்பே போதும்லா," என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணெய், தண்ணீர், நேரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான்கு நாள் கழித்து, தோசை மாவுச் சட்டியைப் போர்வையால் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் ஊர்க் குளிரில் போர்த்தாவிட்டால் மாவு பொங்காது.

"அண்ணி, அன்னிக்கி எண்ணெய் சோடாவோட சேர்ந்து கெட்டியாகல. குளிர்ல ஒறஞ்சிருக்கு. கிள்ளான் சூட்டுக்குச் சொன்னத நான் இங்க செஞ்சிட்டேன்."

இந்த முறை எண்ணெயைச் சூடாக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். தண்ணீரைக் குறைத்தாள். லெம்பா பெர்த்தாமில் அவள் வேலை செய்யும் காய்கறிக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த, சூடு வெளியே போகாத பொலிஸ்டிரின் பெட்டிக்குள் அச்சை வைத்து மூடி, போர்வையைச் சுற்றினாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தொறக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அடுத்த நாள் சோப்பு கல்லு மாதிரி நின்றது. ஆனால் மேலே அதே சுண்ணாம்பு. மறுபடியும் செய்தாள். மறுபடியும் சுண்ணாம்பு.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பகலில் வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான். இரண்டு தடவையும் பெட்டியைத் திறந்து பார்த்தது நான்தான். ஒரு தடவை விரலால் அழுத்தியும் பார்த்தேன். சூடான சோப்பில் குளிர்காற்றுப் பட்டால் வெள்ளை பூக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சோப்பு மூலையில் இருந்த குழியில் சோஃபியா தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை. இரண்டும் பொருந்தவில்லை. நான் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தாளில் ஏதோ எழுதினாள்.

கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம். சோப்பு காயவே ஐந்து வாரம் வேண்டும். இது கெட்டுப்போனால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவள் தலைகுனிய வேண்டியதுதான். நூற்றைம்பதுக்கும் சேர்த்து நான்கு பெட்டிகளில் ஊற்றி மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணி, நீங்கதான் காவல். ஒருத்தரையும் தொறக்க விடாதீங்க."

நாற்காலியைப் பெட்டிகளுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மார்க் எட்டிப்பார்க்க வந்தான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வேலம்மா ஓடிவந்தாள். கை துறுதுறுத்தபோதெல்லாம் ஜெபமாலையை எடுத்து உருட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் சோஃபியா மூடியைத் தூக்கினாள். வெண்ணெய் நிறத்தில், வழவழவென்று, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. நான்கு பெட்டியும் அப்படியே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்ற சோப்பைக் குப்பையில் போடாமல், யார்மேலும் எரிந்து விழாமல், இவ்வளவு பொறுமையாகக் காரணத்தைத் தேடிப் பிடித்தவளையா தலைக்கனம் என்றேன்?

கல்யாணத்தன்று காலை, நூற்றைம்பது சோப்பும் ரிப்பன் கட்டித் தட்டில் இருந்தன. அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"சோஃபியா, முன்ன பெட்டியத் தொறந்தது நான்தான்."

"தெரியும் அண்ணி." ரிப்பன் கட்டிய இன்னொரு சோப்பை என் கையில் வைத்தாள். மூலையில் என் விரல் குழி. வெள்ளையை மட்டும் சீவி எடுத்திருந்தாள்.

"தெரிஞ்சுமா என்னையவே காவல் வெச்ச?"

"வேற யார வெச்சிருந்தாலும் நீங்க தொறந்திருப்பீங்களே அண்ணி."